டி.என்.ஏ பாலிமரேஸ் ஏன் ஒரே திசையில் மட்டும் இழையை நீட்டுகிறது?

உங்கள் கேள்வி இது. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏவின் இரண்டு இழைகளும் விலகி, ஒவ்வொன்றும் வார்ப்பாக இருந்து தனக்குரிய புதிய இழையை உருவாக்கிக்கொள்கிறது என்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் சொல்கிறது. ஆனால் எழுத்துகளைக் கோத்துப் புதிய இழையை உருவாக்கும் நொதியான டி.என்.ஏ பாலிமரேஸ் ஒரே திசையில்தான் நீட்டும் என்பதால், ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றது துண்டு துண்டாகவும் உருவாகிறது என்ற செய்தியும் கூடவே வருகிறது. எதிர்த் திசையில் வேலை செய்யும் இன்னொரு நொதி இருந்திருந்தால் துண்டுகளும் வேண்டாம், ஒட்டுவதும் வேண்டாமே, செல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தப் பாடத்தை நெடுங்காலமாக நடத்திவருகிறேன். இப்படி உருவாகும் ஒகசாகி துண்டுகளின் பெயரை மனப்பாடம் செய்தவர்கள் பலர், அவை ஏன் தேவைப்படுகின்றன என்று கேட்டவர்கள் மிகச் சிலர். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்த் திசையில் நீட்டும் நொதி வேதியியல்படி முடியாத ஒன்று அல்ல. ஆனால் அந்தத் திசையில் நீட்டினால், தவறாகச் சேர்ந்த எழுத்தை, அதாவது இழையின் ஓர் அலகை, அழித்துத் திருத்துவது மிகக் கடினமாகிவிடும். டி.என்.ஏவின் இந்தப் படியெடுத்தலில் (இரட்டிப்பாதலில்) நாம் காணும் சுற்றுவழிகள் பெரும்பாலும் இந்தத் திருத்தும் வசதியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக ஏற்பட்டவை. அது எப்படி என்பதை அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

டி.என்.ஏவின் ஒவ்வோர் இழையும் நியூக்ளியோடைடுகள் கோக்கப்பட்ட சங்கிலி. ஒரு நியூக்ளியோடைடில் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், ஒரு நைட்ரஜன் காரம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. சர்க்கரையின் ஐந்து கார்பன் அணுக்களுக்கும் 1' முதல் 5' வரை எண்கள் கொடுத்திருக்கிறார்கள். 5' கார்பனில் பாஸ்பேட் தொங்குகிறது; 3' கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஒரு சர்க்கரையின் 3' பக்கம் அடுத்ததன் 5' பாஸ்பேட்டோடு கைகோத்துக்கொண்டே போவதால், சங்கிலியின் ஒரு முனையில் 5' எஞ்சி நிற்கும், மறுமுனையில் 3' எஞ்சி நிற்கும். ஆகவே ஒவ்வோர் இழைக்கும் தலையும் வாலும் உண்டு. 1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த இரட்டைச் சுருள் அமைப்பில் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக ஓடுகின்றன. அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கின்றன. இந்தத் தலைகீழ் ஓட்டத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், சிக்கல் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

இழைகள் பிரிந்து ஆளுக்கொரு புதிய துணையைப் பெறுகின்றன என்பது ஊகமாகவே நின்றுவிடவில்லை. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் செய்த சோதனை அதை மெய்ப்பித்தது. ஈ.கோலை பாக்டீரியாவை, கனமான நைட்ரஜன்-15 மட்டுமே கிடைக்கும் ஊடகத்தில் 14 தலைமுறைகள் வளர்த்து, பிறகு சட்டென்று சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றினார்கள். அதன் டி.என்.ஏவைச் சீசியம் குளோரைடு கரைசலில் கலந்து, நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் ஏறத்தாழ 20 மணி நேரம் சுழற்றினார்கள். அவ்வளவு வேகத்தில் சுழலும்போது கரைசலின் அடர்த்தி மேலிருந்து கீழாகச் சீராகக் கூடும், டி.என்.ஏ தன் அடர்த்திக்குச் சமமான இடத்தில் வந்து மெல்லிய பட்டையாக நின்றுவிடும். புற ஊதா ஒளியில் படம் எடுத்தபோது, ஒரு தலைமுறை கழிந்த டி.என்.ஏ கனமான இடத்திலும் இல்லை, இலேசான இடத்திலும் இல்லை. நடுவில் ஒரே பட்டையாக நின்றது. இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒன்று, இலேசான இடத்தில் ஒன்று என்று சம அளவில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று என்ற பாதி பழமை பேணும் முறையைத் தவிர வேறு எந்த வழியில் கணக்குப் போட்டாலும் இந்தப் படம் வராது. உயிரியலில் இதைவிடத் தெளிவான சோதனையை நான் கண்டதில்லை.

இனி, இழைகளைப் பிரிப்பதற்கு வருவோம். வகுப்பில் நான் இரண்டு புரி கொண்ட தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கொண்டுபோவது வழக்கம். ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையில் இரண்டு புரிகளையும் இரண்டு மாணவர்களிடம் கொடுத்து விலக்கி இழுக்கச் சொல்வேன். ஒரு முழம் வரை எளிதாகப் பிரியும். பிறகு கயிற்றின் மிச்சப் பகுதியில் முறுக்கு ஏறி, தானாகவே மடிந்து முண்டு முண்டாகச் சுருண்டுகொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. டி.என்.ஏவை ஹெலிகேஸ் நொதி பிரிக்கும்போதும் இதுவே நடக்கிறது. ஏறத்தாழ 10 கார இணைகளுக்கு ஒரு சுற்று என்பதால், வினாடிக்கு ஆயிரம் இணைகளைப் பிரிக்கும் பாக்டீரியாவில், பிரியும் இடத்துக்கு முன்னால் வினாடிக்கு நூறு சுற்று முறுக்கு சேர்கிறது. அந்த முறுக்கைத் தளர்த்துவது டோபோஐசோமரேஸ் நொதி. இழையை ஓரிடத்தில் வெட்டி, சுழலவிட்டு, அல்லது இன்னொரு பகுதியை அதன் வழியே கடத்திவிட்டு, வெட்டிய இடத்தை அதே நொதியே மீண்டும் சேர்த்துவிடுகிறது.

இந்த வெட்டிய நிலையில் நொதியை உறையவைத்துவிட்டால் என்ன ஆகும்? படியெடுத்துக்கொண்டு வரும் இயந்திரம் அதன்மேல் மோதி, டி.என்.ஏ உடைந்துபோகும், விரைவாகப் பிரியும் செல்கள் முதலில் சாகும். புற்றுநோய் மருத்துவத்தில் பயன்படும் டோப்போடீகான், இரினோடீகான் ஆகிய இரண்டும் இப்படித்தான் செயல்படுகின்றன. அவற்றின் மூலப்பொருளான கேம்ப்டோதெசின் முதலில் சீன மரம் ஒன்றில் கண்டறியப்பட்டது; நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் என்னும் சிறு மரத்திலும் அது இருப்பதை 1972இல் வெளியிட்டவர்கள், முன்பு சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றிய விஸ்வநாதனும்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வந்துவிட்டோம். 1950களில் ஆர்தர் கோர்ன்பெர்க் ஈ.கோலையிலிருந்து டி.என்.ஏ பாலிமரேஸைப் பிரித்தெடுத்தார்; 1959இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். புதிதாகச் சேர வரும் நியூக்ளியோடைடு தனியாக வருவதில்லை, தன் 5' முனையில் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டு வருகிறது. வளரும் இழையின் 3' முனையில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி அந்த மூன்றில் முதல் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டும் கழன்று போகின்றன. அப்படிக் கழலும்போது வெளிப்படும் ஆற்றலே இணைப்பை உருவாக்குகிறது. அதாவது விருந்துக்கு வருபவர் தன் கட்டுச்சோற்றைத் தானே கொண்டுவருவதுபோல, சேர்வதற்கு வேண்டிய ஆற்றலைச் சேரவருகிற நியூக்ளியோடைடே கொண்டுவருகிறது. வளரும் இழையின் முனையில் ஆற்றல் எதுவும் சேமித்து வைக்கப்பட்டிருக்கவில்லை.

தவறான எழுத்து ஒன்று சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பொருந்தாத இணை நெளிந்து நிற்பதால் பாலிமரேஸின் வேகம் தடைப்படுகிறது. இழையின் முனை நொதியின் இன்னொரு பகுதிக்கு நழுவுகிறது. அங்கே கடைசி நியூக்ளியோடைடு வெட்டி எறியப்படுகிறது. வெட்டியபின் மிஞ்சுவது என்ன? பழையபடி ஒரு 3' ஹைட்ராக்சில். அடுத்து வரும் நியூக்ளியோடைடு தன் ஆற்றலோடு வரும், வந்து சேரும். எதுவும் நடக்காததுபோல வேலை தொடரும்.

இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். 5' முனையில் நீளும் ஓர் இழையில், மூன்று பாஸ்பேட்டுகள் வளரும் இழையின் முனையில் இருக்க வேண்டும். சேரவரும் நியூக்ளியோடைடு தன் 3' ஹைட்ராக்சிலால் அதைப் பிடிக்க வேண்டும். சேர்ந்த பிறகு, புதிதாக வந்ததன் மூன்று பாஸ்பேட்டுகள் அடுத்த இணைப்புக்காகக் காத்திருக்கும். பிழை இல்லாதவரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. ஆனால் பிழை நேர்ந்து கடைசி எழுத்தை வெட்டினால், அடுத்த இணைப்புக்கு வைத்திருந்த ஆற்றலும் அதோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சும் முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் இருக்காது. அடுத்த நியூக்ளியோடைடு வந்தாலும் சேர முடியாது. முனையை மீண்டும் ஆற்றலூட்ட இன்னொரு நொதியும் இன்னொரு படியும் வந்தாக வேண்டும். ஒவ்வொரு திருத்தத்திலும் வேலை நின்றுவிடும். திசைக் கட்டுப்பாட்டுக்கு அறிவியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கும் விளக்கம் இதுதான்.

திருத்தம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். எண்களைப் பாருங்கள். சரியான இணையின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பாலிமரேஸ் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகளுக்கு ஒருமுறை தவறுகிறது. நம் செல் ஒன்றில் இரண்டு தொகுதிக் குரோமோசோம்களிலும் சேர்த்து 600 கோடிக்கு மேற்பட்ட கார இணைகள் இருக்கின்றன. இரண்டு இழைகளுக்கும் துணை செய்ய வேண்டும் என்பதால் 1,200 கோடிக்கு மேல் எழுத்துகளைக் கோக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒவ்வொரு செல்பிரிவிலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிழைகள் நேரும். உடனுக்குடன் வெட்டித் திருத்துவதால் அது ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பாலிமரேஸ் கடந்துபோன பிறகு, பொருந்தாத இணைகளைத் தேடிச் சரிசெய்யும் இன்னொரு புரதக் குழு பின்னாலேயே வருகிறது. அதுவும் முடிந்தபின் எஞ்சும் பிழை நூறு கோடி முதல் ஆயிரம் கோடி எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவுதான். இந்தப் பின்வரும் திருத்தத்தை விளக்கியதற்காகப் பால் மோட்ரிக் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் புரதங்களின் மரபணு ஒன்றில் பிறவியிலேயே பழுது உள்ள குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளம் வயதிலேயே வருவதைப் பார்க்கும்போது, இந்தத் திருத்தம் எவ்வளவு இன்றியமையாதது என்பது புரியும்.

இதே கண்டிப்பிலிருந்து பாலிமரேஸின் இரண்டாவது குணமும் பிறக்கிறது. அதனால் எந்த இழையையும் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. முந்தைய எழுத்து சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்கும் நொதிக்கு, முந்தைய எழுத்தே இல்லாத இடத்தில் பிடிமானம் கிடையாது. அதற்காகப் பிரைமேஸ் என்ற வேறு நொதி முதலில் வந்து, ஏறத்தாழ பத்து எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ தொடக்கத்துண்டு ஒன்றை எழுதி வைக்கிறது. பிரைமேஸுக்குத் திருத்தும் திறன் இல்லை. ஆகவே அது எழுதியதில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது எழுதியது ஆர்.என்.ஏ என்பதால், நிலையாக இருக்க வேண்டிய டி.என்.ஏவிலிருந்து அதைத் தனியே அடையாளம் கண்டு, பிறகு நீக்கிவிட்டு, அந்த இடத்தைக் கவனமான பாலிமரேஸால் நிரப்ப முடிகிறது. தொடக்கம் மட்டும் ஏன் ஆர்.என்.ஏவால் ஆனது என்று வியந்திருப்பீர்களானால், இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்விரண்டு குணங்களையும் தலைகீழாக ஓடும் இரண்டு இழைகளோடு சேர்த்துப் பாருங்கள். இழைகள் பிரியும் கவை ஒரு பக்கமாக முன்னேறுகிறது. ஒரு வார்ப்பிழையின்மேல், கவை நகரும் அதே திசையில் புதிய இழையின் 3' முனை நீள்கிறது. அது முன்னோடி இழை, பெரும்பாலும் தடையின்றிப் போய்க்கொண்டே இருக்கும். மற்ற வார்ப்பின்மேல் 3' முனை கவைக்கு எதிர்ப்பக்கமாக நீள வேண்டியிருக்கிறது; அது பின்தங்கும் இழை. கவை சிறிது திறந்தவுடன், திறந்த இடத்தில் ஒரு தொடக்கத்துண்டு வைத்து, முன்பு எழுதிய துண்டை எட்டும்வரை பின்னோக்கி எழுதி, பிறகு மேலும் திறந்த இடத்துக்குத் தாவி, மறுபடியும் தொடக்கத்துண்டு வைத்து எழுத வேண்டும். நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவருடைய மனைவி ட்சுனேகோ ஒகசாகியும் 1960களின் பிற்பகுதியில் கண்டறிந்தது இந்தத் துண்டுகளைத்தான்.

அவர்கள் செய்த முறை மிகவும் நுட்பமானது. வளரும் பாக்டீரியாவுக்குக் கதிரியக்கம் உள்ள தைமிடினைச் சில வினாடிகள் மட்டுமே கொடுத்து, உடனே வேலையை நிறுத்தி, அந்தச் சில வினாடிகளில் உருவான டி.என்.ஏவின் நீளத்தை அளந்தார்கள். புதிதாகப் பிறந்த டி.என்.ஏ ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள குறுந்துண்டுகளாகக் கிடைத்தது. சற்றுக் கூடுதல் நேரம் விட்டுவைத்தால் அதே கதிரியக்கம் நீண்ட இழைகளுக்கு மாறியிருந்தது. துண்டுகளை ஒட்டும் லைகேஸ் நொதி பழுதுபட்ட, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் துண்டுகள் ஒட்டப்படாமல் குவிந்துகிடந்தன. சிறுவயதில் ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளான ரெய்ஜி, 1975இல் தம் 44ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ட்சுனேகோ அந்த ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். பாடநூலில் ஒரு சொல்லாக மட்டும் கடந்துபோகும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள் என்பதை என் மாணவர்களிடம் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

நம் செல்களில் இந்தத் துண்டுகள் இன்னும் சிறியவை, 100 முதல் 200 எழுத்துகள்தான். 200 என்றே கொண்டாலும், ஒரு செல் ஒருமுறை பிரிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட துண்டுகளை எழுதி, தொடக்கத்துண்டுகளை நீக்கி, இடைவெளிகளை நிரப்பி, ஒட்ட வேண்டும். வேகமும் குறைவு, ஈ.கோலையில் வினாடிக்கு ஆயிரம் எழுத்து நகரும் கவை, நம் செல்லில் ஏறத்தாழ 50 எழுத்துதான் நகர்கிறது. நம்முடைய முதல் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள் இருக்கின்றன. ஒரே கவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதென்றால் 58 நாட்கள் பிடிக்கும். ஆனால் வேலை சுமார் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. குரோமோசோம்கள் முழுவதிலும் பல்லாயிரம் இடங்களில் படியெடுத்தல் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரு பக்கமும் கவைகள் நகர்ந்து, ஒன்றையொன்று சந்திப்பதே காரணம். இத்தனை தொடக்கங்களில் எதுவும் இரண்டுமுறை தொடங்கிவிடாதபடி, ஹெலிகேஸை டி.என்.ஏவின்மேல் ஏற்றிவைப்பது படியெடுத்தலுக்கு முந்தைய கட்டத்திலும், அதை முடுக்கிவிடுவது படியெடுக்கும் கட்டத்திலும் என்று செல் பிரித்து வைத்திருக்கிறது. முடுக்கிவிடும் அதே சமிக்ஞை, மறுபடி ஏற்றுவதைத் தடுத்துவிடுகிறது.

துண்டு துண்டாக எழுதும் முறைக்கு ஒரு நட்டம் உண்டு. குரோமோசோமின் கோடியில், கடைசித் தொடக்கத்துண்டை நீக்கியபின் அந்த இடத்தை நிரப்புவதற்கு அப்பால் பிடிமானம் எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முனை சிறிது சிறிதாகக் குறைகிறது. ஈ.கோலையின் டி.என்.ஏ வட்டமாக இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. நம் குரோமோசோம்களின் முனைகளில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. குறைவது அந்தத் திரும்பல்கள்தான், மரபணுக்கள் அல்ல. இனப்பெருக்கச் செல்களின் வழியிலும் சில குருத்தணுக்களிலும் டெலோமரேஸ் என்ற நொதி, தன்னிடமே உள்ள ஆர்.என்.ஏவை வார்ப்பாகக்கொண்டு முனையை மீண்டும் நீட்டுகிறது. எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் 1984இல் அதைக் கண்டறிந்தார்கள். அந்த நொதியும்கூட 3' முனையில்தான் எழுத்துகளைச் சேர்க்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் கேட்ட எதிர்த்திசை நொதி உயிருலகில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏவின் 5' முனையில் ஒரு குவானைனைச் சேர்க்கும் நொதி, அந்த முனைக்கு முதலில் ஆற்றலூட்டி, பிறகு எழுத்தைச் சேர்க்கிறது. அதன் வடிவம் சாதாரணப் பாலிமரேஸ்களின் வடிவத்தை ஒத்திருக்கிறது. ஆனால் அதன் வேலை ஓரெழுத்தோடு முடிந்துவிடுகிறது. கோடிக்கணக்கான எழுத்துகளை நிற்காமல் எழுதிக்கொண்டே பிழையையும் திருத்த வேண்டிய இடத்தில், அத்தகைய நொதி எந்த உயிரியிலும் இதுவரை காணப்படவில்லை.

தேர்வில் இந்தப் படத்தை வரையும்போது பலர் அம்புக்குறிகளை முதலில் போட்டுவிட்டுப் பிறகு முனைகளுக்கு எண் போடுகிறார்கள். தவறு அங்கேதான் நேர்கிறது. முதலில் இரண்டு வார்ப்பிழைகளின் முனைகளிலும் 5', 3' என்று குறித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு புதிய துண்டின் 5' முனையிலும் ஆர்.என்.ஏ தொடக்கத்துண்டைச் சிறு அலைக்கோடாக வரையுங்கள். பின்தங்கும் இழையில் அது துண்டின் கவைப்பக்க முனையில் வரும். கடைசியாக, தொடக்கத்துண்டிலிருந்து புறப்படும்படி அம்புக்குறியைப் போடுங்கள். இந்த வரிசையில் வரைந்தால் முன்னோடி இழையின் அம்பு கவையை நோக்கியும், பின்தங்கும் இழையின் அம்புகள் அதற்கு எதிராகவும் தாமாகவே அமைந்துவிடும்.